கையை எடுங்க

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். சத்தியம் பண்ண எனக்குத் தெம்பில்லை. பட்டப்பகலில், தூத்துக்குடியில், நான் வேலை பார்க்கும் எக்ஸ்ரே அறையில் நடந்தது இது.

மதியம் 2.50. துறைமுகத்தில் மரக்கட்டைகள் சரிந்து, முதுகில் அடிபட்ட என் தம்பி ஜாய்சனைத் தூக்கி வந்தார்கள். கால் கட்டைவிரல் மட்டும் லேசாக அசைந்தது. மதுரை டாக்டர் போனில் சொன்னார்: "விரல் அசையுற வரைக்கும் நம்பிக்கை இருக்கும்மா. படத்தை உடனே அனுப்புங்க."

எங்கள் கம்ப்யூட்டர் படத்தைப் பார்த்து முதுகெலும்புகளை எண்ணும், நசுங்கியதை அளந்து கோடு போடும். அந்த அளவைத்தான் அவர் கேட்டார்.

3.04. முதல் படம். கம்ப்யூட்டர் அளக்கவில்லை. சிவப்புக் கட்டம் போட்டது. வேறு ஆளின் கை குறுக்கே இருக்கிறதாம்.

பார்த்தேன். முதுகெலும்புக்கு அடியில் விரித்த ஐந்து விரல்கள்...

உள்ளே ஓடினேன். ஜாய்சனின் இரண்டு கைகளும் நெஞ்சின் மேல் இருந்தன. அறையில் வேறு யாருமில்லை.

3.09. இரண்டாவது படம். மறுபடியும் கை. விரல்கள் உடைந்த எலும்பைச் சுற்றி இன்னும் நெருங்கியிருந்தன.

சொட்... சொட்...

மேசைக்கு அடியில் குனிந்தேன். தரை காய்ந்திருந்தது.

"ஏலே, முதுகுக்கு அடியில என்னலே இருக்கு?"

"அக்கா... எடுக்கச் சொல்லாத."

"எதை?"

கண்ணை மூடிக்கொண்டான்.

3.13. மதுரையிலிருந்து மறுபடி போன். நேரம் போகிறதே, மாதாவே, என் தம்பி நடக்க வேண்டுமே! எனக்குப் பயம் வந்தால் கோபம்தான் வரும். நோயாளியோடு வருபவர்களை அதட்டும் அதே குரலில் கத்தினேன்.

"யாரு அது? கைய எடுங்கன்னு சொல்லுதேன்லா!"

சொட்டுச் சத்தம் நின்றது.

ஜாய்சன் அலறினான்.

3.14. படம் சுத்தமாக வந்தது. கம்ப்யூட்டர் எண்ணியது, அளந்தது, கோடு போட்டது.

விரலைப் பார்த்தேன்.

அசையவில்லை.

இன்றுவரை அசையவில்லை.

அன்று மாலை ஆம்புலன்சில், எட்டயபுரம் தாண்டும்போது ஜாய்சன் வாய் திறந்தான். "கூட வேலை பாக்குற சந்தனமாரி அண்ணாச்சிக்கா. கட்டை சரிஞ்சப்ப முதுகத் தாங்கிப் பிடிச்சாரு. வண்டியிலயும் விடல. மேசையிலயும் விடல. நீ சொன்ன பிறகுதான் விட்டாரு."

ஜாய்சனின் போனிலிருந்தே அந்தச் சந்தனமாரிக்குப் போன் போட்டேன். எடுத்தது வில்பிரட், அவர்களோடு வேலை பார்ப்பவன்.

"அவரு அங்கனயே போய்ட்டாருக்கா, ரெண்டரை மணிக்கே. ஜாய்சன அவரு கையிலருந்து பிரிச்செடுக்க நாலு பேரு வேண்டியிருந்துச்சு."