அம்மா வாசலில் நின்ற காரணம்

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவர்கள் பின்னட்டையைப் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டில் இருக்கும் தம்பி எழுதிய கவிதை அது. வெளிநாட்டுப் பிள்ளை வரும் வழியை வாசலில் நின்று பார்த்துப் பார்த்தே கண் மங்கிப்போன தாய் என்று அதில் இருக்கிறது. படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

மயிலாடுதுறைக்குக் கிழக்கே பிறந்து, தரங்கம்பாடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர் அம்மா. அப்பா காலமானபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன், தம்பி கைக்குழந்தை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடும்படி எல்லாரும் சொன்னார்கள். அம்மா விடவில்லை. எங்களுடையது கடைமடை வயல். போர்வெல் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். ஆற்றில் திறந்த தண்ணீர் ஊர் ஊராகப் பாய்ந்து, மிச்சம் மீதிதான் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரும். அந்த வாய்க்கால் எங்கள் வாசலுக்கு எதிரே ஓடுகிறது.

சமைத்து முடித்ததும் கதை படிப்பது அம்மாவின் வழக்கம். நூலகப் புத்தகமோ வார இதழோ, எதுவானாலும் சரி. எழுபதைத் தாண்டிய பிறகு படிக்கப் படிக்கக் கோபம்தான் வந்தது. கதைகளில் வரும் வயதானவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து பிள்ளைகளை நினைத்துக் கண்ணீர் விட்டார்கள். இல்லையென்றால் எல்லாரையும் மன்னித்துவிட்டுச் செத்துப்போனார்கள்.

"இவளுக்கு முட்டி வலிக்காதா? யார் மேலயும் கோவம் வராதா? வேற சோலியே இல்லையா?" என்று புத்தகத்தைக் கவிழ்த்து வைப்பார். "எழுதுறவங்க யாருக்கும் இன்னும் வயசாவல போலருக்கு."

அம்மாவுக்கு முட்டி வலித்தது. வரப்பில் இறங்கி நடக்க முடியாமல் போனதை அவர் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. எங்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தார். வாசலில் நின்றதும் வயலுக்குப் போக முடியாததால்தான். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா, மேல்வயல்காரரான எங்கள் சித்தப்பா நடுவில் அடைத்துக்கொண்டாரா என்று பார்க்கத்தான் நின்றார்.

இதைத் தம்பியிடம் போனில் சொன்னேன்.

"விடுக்கா. படிக்கிறவங்க அழுவணும்ல."

"அம்மா உனக்காக நிக்கலடா."

"வீடியோ கால்ல நான் பாக்குறப்பல்லாம் வாசல்லதாங்க்கா நின்னாங்க" என்றான்.

கவிதை அப்படியே அச்சேறிவிட்டது. எனக்காகவும் அம்மா நிற்கவில்லை என்பது என்னையும் உறுத்தத்தான் செய்கிறது. கும்பகோணத்திலிருந்து பையும் கையுமாக நான் வந்து இறங்கும்போதெல்லாம், "வா" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டி வாய்க்காலைத்தான் பார்ப்பார். அப்போதும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

தஞ்சாவூர் மருத்துவமனையில் அம்மாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்களுக்கும், சாப்பாடு கொண்டுவந்து எங்களோடு கண் விழித்த உறவினர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

சித்தப்பாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். தண்ணீருக்காக அம்மாவோடு ஆயுள் முழுக்கச் சண்டை போட்டவர் அவர். மருத்துவமனையில் கட்டிலைச் சுற்றி நாங்கள் அழுதுகொண்டிருந்தபோது வந்து, அம்மாவின் காதருகே குனிந்தார்.

"அண்ணி, இந்த வாட்டி உங்க வயலுக்குத்தான் முதல்ல தண்ணி விட்டேன்."

அம்மா கண் திறந்தார்.

"பொய் சொல்லாத. வந்து பாக்குறேன், இரு."

அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.