புழுவுக்கு எடை பார்த்த நாள்

ரசத்தில் உப்பு கூடியது வரைக்கும் வாராவாரம் இந்தப் பகுதியில் உங்களிடம் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் நாலு வருஷமாக மறைத்தேன். வெட்கம்தான், வேறென்ன?

போன வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் என் ஓரகத்தி செல்வி எல்லோருக்கும் பூ கொடுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு குரல்: "அவ கையால வாங்காதடி. முடிச்சு போடறவ."

அந்தப் பேச்சைக் கிளப்பியவளே நான்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மனுக்கென்று கொல்லையில் சம்பங்கி வைத்திருந்தேன். செடிகள் மஞ்சளாகிச் சாய்ந்தன. ஒன்றைப் பிடுங்கினால்... வேர் முழுக்க முடிச்சு! செய்வினைதான் என்று முடிவு கட்டினேன். முந்தின வாரம் அங்கே தண்ணீர் ஊற்றியவள் பக்கத்து வீட்டுச் செல்வி. தெருவே கேட்க, "நீ போட்ட முடிச்சுதாண்டி!" என்று கத்தினேன். அவள் கேட்டைச் சாத்திக்கொண்டாள்.

ஆறு மாதம் கழித்து எங்கள் மாடிக்குக் குடிவந்தாள் தென்காசிக்காரி சண்முகத்தாய். படப்பையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மண் பரிசோதிக்கிற வேலை. மிச்சமிருந்த செடியின் வேரைப் பார்த்ததும் சிரித்தாள். "செய்வினையுமில்ல, ஒண்ணுமில்லக்கா. நூற்புழு!"

மண்ணோடு என்னையும் அழைத்துப் போனாள். நுண்ணோக்கியின் திரையில் புழுக்கள் கண்ணாடி நூல் மாதிரி நெளிந்தன. ஒவ்வொன்றையும் அளந்து குறித்தாள்.

"எதுக்கும்மா?"

"எடை பாக்கத்தான்க்கா."

"தராசு எங்க?"

"தராசுல நிக்காதுக்கா. நீளமும் தடிப்பும் தெரிஞ்சா கணக்குப் போட்டுரலாம்."

கடைசியில் சொன்னாள்: "எடையில பாத்தா மண்ணுக்கு நல்லது செய்யுற புழுதான் கூட. வேரைக் கடிக்கது கொஞ்சூண்டு. செடி சாவ அது போதும்லா!"

என் மகன் டெங்குவில் கிடந்தபோது ஷிப்டுக்கு லீவு போட்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவள் செல்வி. அதையெல்லாம் நான் எந்தக் கணக்கில் சேர்த்தேன்? கொஞ்சூண்டு சந்தேகம் — போதுமாக இருந்தது.

சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன்.

"இன்னாக்கா, வழி தப்பி வந்துட்டியா?"

"அது புழுவாம் செல்வி... நான்தான் பாவி."

என்னையே பார்த்தாள். "நான் முடிச்சு போடறதா இருந்தா உன் வாய்க்குத்தான் போட்டிருப்பேன். உள்ள வா, டீ கீது."

இரண்டு பேரும் அழுததில் டீ ஆறிப்போனது.

சண்முகத்தாயை அனுப்பியவள் அம்மன் என்றுதான் நம்புகிறேன். ஆனால் பாருங்கள், பழியைத் தெருவில் சொன்னேன். மன்னிப்பை வீட்டுக்குள் கேட்டேன். அதனால்தான் பழி இன்னும் கோயில் வரைக்கும் நடக்கிறது.

இதைத் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முக்கியமாக, கத்தியவளை 'யாரோ ஒருத்தி' ஆக்கிவிடாதீர்கள்.

அது நான்தான்.