கண்ணாடிக்குப் பின்னால் திருத்திய தாள்

குழந்தைகளின் அறிவுத்திறனை அளக்கும் அந்த மையத்தில் பதினெட்டு வருஷமாகச் சோதனை நடத்துபவருக்கு ‘ஸ்டாப்வாட்ச்’ என்று பெயர். வைத்தது சக ஊழியர்கள். அதைப் பட்டம்போல் சுமந்தது அவர். கையேட்டில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் வாசிப்பார். சிரிக்க மாட்டார். ஒரு குழந்தையிடம் சிரித்துவிட்டு இன்னொன்றிடம் சிரிக்காவிட்டால் இரண்டின் மதிப்பெண்ணையும் எப்படி ஒப்பிடுவது? ஆகவே நியாயம் கருதி எல்லோரிடமும் உர்ரென்று இருந்தார். தும்மினால்கூட எல்லாக் குழந்தைக்கும் ஒரே கேள்வியில் தும்ம வேண்டும் என்பது அவர் கட்சி.

இப்பேர்ப்பட்டவர் செய்த ஒரே பிழை, மனைவியின் தம்பியை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதுதான். மூன்றே வருஷத்தில் பெற்றோர்கள் சின்ன சாரே பார்க்கட்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அழுதுகொண்டு வந்த பிள்ளை அவனைக் கண்டதும் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது. அவன் விதியை மீறவும் இல்லை. சோதனைக்கு முன் ஐந்து நிமிஷம் பேசிப் பழகக் கையேட்டிலேயே இடம் உண்டு. அந்த ஐந்து நிமிஷத்தில் ஸ்டாப்வாட்ச் பென்சில் சீவுவார். வீட்டிலோ மனைவி ஒவ்வொரு கரண்டிக்கும் தம்பி புராணத்தையும் சேர்த்தே பரிமாறினாள். அவருக்கு வயிறு எரிந்தது. மாத்திரை வாங்கி விழுங்கினார்; நிற்கவில்லை. போன வாரம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பைப் மையத்தின் தலைவியான பெரிய டாக்டரம்மா மச்சினனிடம் ஒப்படைத்தார். அதற்கு மாத்திரையே கிடையாது.

அந்த நிலையில்தான் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். மதிப்பெண் எழுபதுக்குக் கீழே போனால் தோழிகளை விட்டுச் சிறப்புப் பள்ளிக்குப் போக வேண்டும். வேறு விஷயங்களையும் பார்ப்பார்கள்தான். ஆனால் எண்தான் முதலில் கண்ணில் படும். அம்மா வெளியே பெஞ்சில், பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இத்தகைய சோதனையை இருவர் தனித்தனியாகத் திருத்த வேண்டும். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. உள்ளே மச்சினன். ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் இவர்.

“குடைன்னா என்ன?” என்று மச்சினன் கேட்டான்.

“மழை வந்தா அம்மா என் தலைக்கு மேல பிடிப்பாங்க. அம்மாதான் நனைஞ்சிருவாங்க.”

அவன் தலையாட்டவில்லை, புன்னகைக்கவில்லை, சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டான். குற்றம் கண்டுபிடிக்க வழியில்லாத மச்சினனைப்போல் எரிச்சலூட்டும் ஜந்து வேறுண்டா? பொருளின் பயனைச் சொன்னால் இரண்டு மதிப்பெண் என்கிறது கையேடு. ஸ்டாப்வாட்ச் ஒன்று போட்டார். அம்மா நனைவது கேள்விக்கு வெளியே என்று தமக்குத்தாமே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். இப்படி ஏழு இடத்தில் ஒவ்வொன்று குறைந்தது. அதே வயதுக் குழந்தைகளோடு ஒப்பிடும் அட்டவணையைப் பார்த்தார்: அறுபத்தெட்டு. இரண்டு தாளும் ஒத்துப்போகாது. டாக்டரம்மா பதினெட்டு வருஷக் கையைத்தான் நம்புவார். மச்சினனுக்குத் தாராளக் கை என்று பெயராகும்.

தாளோடு வராந்தாவுக்கு வந்தார். மச்சினன் எதிரே நின்றான்.

“மாமா, நம்பர சொல்லாதீங்க. ஒண்ணே ஒண்ணு. நான் எங்கயாவது என்னை அறியாம க்ளூ குடுத்துட்டேனா? அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தா பாவமா இருந்துச்சு. அப்படி ஏதாவது பட்டிருந்தா சொல்லுங்க, என் தாள ஒதுக்கிட்டு உங்களுதையே வெச்சுக்கச் சொல்லி எழுதிக் குடுத்துடறேன்.”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஒரு ‘ஆமா’ போதும், அறுபத்தெட்டு நிலைத்துவிடும். பெஞ்சில் சிறுமி அம்மாவிடம் என்னென்ன சொன்னேன் என்று விரல் மடக்கிக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாமே சரி என்று அவளுக்குத் தீர்மானம்.

“நீ ஒண்ணும் குடுக்கல மாப்ள,” என்று சொல்லிவிட்டு அவர் திரும்பவும் அறைக்குள் போனார்.

மதிப்பெண்ணை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் புதிதாகப் போட்டு, காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். முதல் இடத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதினார். வாழ்நாளில் இல்லாத குறையை எழுதக் கை கூசியது. அதையும் அடித்தார். ‘மச்சினன் மேல் பொறாமை’ என்று எழுதினார். மற்ற ஆறு இடத்திலும் ‘மேற்படி’.

எழுபத்துநாலு. மச்சினன் தாளும் அதையே சொன்னது.

டாக்டரம்மா ஏழு வரியையும் வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி வாசித்தார். “அஞ்சாவதுல கையெழுத்து விட்டுப்போச்சு சார்,” என்றார். இவர் போட்டார். சிறுமி அதே வகுப்பில் தொடரலாம் என்று டாக்டரம்மா எழுதி முடித்தார். பிறகு, நாளையிலிருந்து ஒரு மாதம் திருத்தும் வேலை வேண்டாம், பயிற்சி வகுப்பில் உட்காருங்கள் என்றார்.

யார் நடத்துகிறார்கள் என்று ஸ்டாப்வாட்ச் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.