லாஸ்பேட்டைக்குப் போனது நானில்லை

பேய், ஆவி, செய்வினை என்று யாராவது பேச்செடுத்தால், எந்த வருஷம், எந்த மாசம், கூட யார் இருந்தார்கள் என்று கேட்பது என் வழக்கம். மூன்றாவது கேள்விக்குள் கதை செத்துவிடும். புதுச்சேரியைப் பற்றிய பழைய செய்திகளைத் தேடிப்பிடித்து, தேதி சரிபார்த்து எழுதிவைப்பது வேலையில் இருந்தபோதே எனக்கு வந்த பைத்தியம். ஆதாரம் இல்லாததை நான் எழுதியதும் இல்லை, நம்பியதும் இல்லை. அப்படிப்பட்டவன் இதைச் சொல்கிறேன். நீங்கள் சந்தேகப்பட்டால் என் மனைவி சரோஜாவைக் கேளுங்கள். அவள் நடந்தது என்றும் சொல்ல மாட்டாள், நடக்கவில்லை என்றும் சொல்ல மாட்டாள். எனக்கு எரிச்சலே அதுதான்.

போன ஆடி மாதம், துபாயில் இருக்கும் மைத்துனன் எங்களுக்குச் சொகுசுக் கப்பல் டிக்கெட் அனுப்பினான். சென்னையில் ஏறி, விசாகப்பட்டினம் பார்த்து, புதுச்சேரி பார்த்து, மறுபடி சென்னை. முத்தியால்பேட்டையில் பிறந்து வளர்ந்தவனுக்குப் புதுச்சேரியைச் சுற்றிக்காட்டுகிறார்களாம். நான் போகமாட்டேன் என்றேன். போனால்தான் உங்களுக்குக் கொஞ்சம் மனசு இளகும் என்றாள் சரோஜா.

மனசு இளகவேண்டிய விஷயம் இதுதான். எங்கள் மகள் கவிதா லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறாள். அங்கேயே வேலை பார்க்கும் பிரபுவை அவளுக்குப் பிடித்துவிட்டது. நல்ல பையன்தான். ஆனால் ஜாதகத்தில் ஒரு பிறந்த தேதி, நகராட்சிச் சான்றிதழில் அதற்கு மறுநாள். எது சரி என்று கேட்டேன். அவன் அப்பாவுக்குத் தெரியவில்லை. பெற்ற பிள்ளை என்றைக்குப் பிறந்தான் என்று தெரியாத வீட்டில் எப்படிப் பெண் கொடுப்பது? பதில் வரட்டும் என்று நான் காத்திருக்க, அவர்கள் என் பதிலுக்காகக் காத்திருந்து சலித்து, ஆவணி பிறந்ததும் வேறு இடம் பார்க்கப்போவதாகச் சொல்லியனுப்பிவிட்டார்கள். கவிதா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கப்பல் கரைக்குத் தள்ளி நங்கூரம் போட்டு நின்றது. எங்களைச் சின்னப் படகுகளில் ஏற்றித் துறைமுகத்தில் இறக்கி, கழுத்தில் ஆளுக்கொரு அட்டையை மாட்டிவிட்டார்கள். ஆட்டோ பிடித்தால் பத்து நிமிஷத்தில் என் வீடு. ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டேன். அட்டை மாட்டியவர்கள் கூட்டத்தை விட்டுப் போகக்கூடாதாம். என் ஊரில் எனக்கே காவல்.

கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கடியில் நின்றுகொண்டு அந்தப் பெண், 1947இல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போனார்கள் என்றாள். விட முடியுமா? ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் ஒன்று, சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் பதினாறு என்று ஆரம்பித்து, பஸ் நிறைய ஆட்களுக்கு வெயிலில் வகுப்பெடுத்தேன். சரோஜா குடையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த முற்பகல் முழுக்க நான் எங்கே இருந்தேன் என்பதற்கு ஒரு பஸ் சாட்சி இருக்கிறது.

அடுத்து பெரிய மார்க்கெட். வழக்கமாக நான் பூ வாங்கும் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா சார், மல்லி பத்தலியா? காலையிலதான அத்தினி முழம் வாங்கிகினு போனீங்க."

வேறு யாரையோ நினைத்துச் சொல்கிறாய் என்றேன்.

"பொண்ணு கல்யாணப் பேச்சுன்னு வாய் நெறயச் சொன்னீங்களே சார். வெத்தல கூட எதிர்க்கடையிலதான் வாங்கினீங்க. அம்மாவுக்குத் தெரியாதா?"

சரோஜா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கிழவிக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நான் நடந்தேன். சரோஜா மட்டும் பின்தங்கி அவளிடம் ஏதோ கேட்டுவிட்டு வந்தாள். என்ன கேட்டாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

மத்தியானம் கப்பலுக்குத் திரும்பினோம். சாப்பிட்டுப் படுக்கலாம் என்றால் நீச்சல்குளத்துப் பக்கம் பெரியவர்களுக்கு நடனப் போட்டி என்று மைக் பிடித்தவன் என் கையைப் பிடித்து இழுக்கிறான். அவனிடமிருந்து விடுபட்டு வருவதற்குள் போன் அடித்தது. கரை தெரியும் தூரம் என்பதால் சிக்னல் இருந்தது. கவிதா. எத்தனையோ நாள் கழித்து என்னோடு பேசுகிறாள்.

அழுதுகொண்டே பேசினாள். நான் கப்பல் கூட்டத்திலிருந்து நழுவி லாஸ்பேட்டையில் பிரபு வீட்டுக்கு வந்து நின்றது, அவளைக் கல்லூரியிலிருந்து வரவழைத்தது, எல்லார் எதிரிலும் வெற்றிலை பாக்கு மாற்றிச் சம்மதம் சொன்னது, அவள் தலையில் கை வைத்தது என்று அடுக்கிக்கொண்டே போனாள். பிரபுவின் அப்பா ஆடியில் போய்ப் பேசுகிறீர்களே என்று தயங்கினாராம்.

"நாள்ல என்னங்க இருக்கு, பொண்ணு சிரிச்சா அதான் நல்ல நாளுன்னு சொன்னீங்களேப்பா. நீங்களா இதுன்னு எனக்கு நம்பவே முடியல."

நாளில் என்ன இருக்கிறதாம். நான் சொன்னேனாம்.

"இதப் பாரு கவி, நான் வரல. நான் பீச்சுல இருந்தேன்" என்றேன். அந்தப் பக்கம் அழுகை நின்றது. ஒரு கல்யாணம் கலைந்துகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. சரோஜா போனைப் பிடுங்கினாள்.

"அப்பா வெளாட்டுக்குச் சொல்றாருடி. நீ போயி சாப்புடு" என்று வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "யாரு சம்மதம் குடுத்தா என்னங்க? வெத்தல பாக்கு மாத்தியாச்சு. வாய மூடிகினு இருங்க."

"நீ என் பக்கத்துலயேதான இருந்த?"

"இருந்தேன். அதுக்கு?"

அவளே ஏற்பாடு செய்த நாடகம் என்று முதலில் நினைத்தேன். ஊர் திரும்பியதும் விசாரித்தேன். பிரபுவின் அப்பா போனில் படம் காட்டினார். நான்தான். அண்ணன் தம்பி இல்லாதவன் நான், சாயலுக்கு ஆள் பிடிக்கவும் வழியில்லை. இடது புருவத் தழும்புகூட இருந்தது. சந்தன நிறச் சட்டை. அந்தச் சட்டை எங்கள் பீரோவில் இருந்தது, பீரோ சாவி கப்பலில் சரோஜாவின் கைப்பையில் இருந்தது. திறந்து பார்த்தேன். மடித்தது மடித்தபடி, ஆனால் காலரில் குங்குமம். சர்க்கரை போட்ட காபி இரண்டு தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தீர்களே சம்பந்தி என்று அவர் வேறு சந்தோஷப்பட்டார். எனக்குச் சர்க்கரை வியாதி.

எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். சம்பந்தி நல்ல தமாஷ்காரர் என்று பெயர் வந்ததுதான் மிச்சம். கவிதாவிடம் மட்டும் மறுபடி சொல்ல வாய் வரவில்லை. ஆவணியில் கல்யாணம் நடந்தது. பிரபுவின் பிறந்த தேதிச் சிக்கல் இன்னும் தீரவில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

நீங்கள் என்ன விளக்கம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் நானே யோசித்துப் பார்த்துவிட்டேன். இது மட்டும் எதிலும் அடங்கவில்லை. கவிதா ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருகிறாள். கதவைத் திறப்பது நான்தான். உடனே உள்ளே வருவதில்லை. வாசலிலேயே நின்று ஒரு கணம் என் முகத்தைப் பார்க்கிறாள், யாரையோ எதிர்பார்த்து வந்தவளைப் போல. அப்புறம் மெதுவாகச் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்கிறாள்.

"நீங்கதானாப்பா?"