அதிரும் பலகையும் என் இடுப்புத் துணியும்

கீழே விழுந்த பாபினை (மிஷினின் அடிநூல் சுற்றிய சின்ன உருளை) எடுக்கத்தான் குனிந்தேன். எடுத்தும் விட்டேன். நிமிரத்தான் முடியவில்லை. தையல் மிஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்த கூடத்தில், மேஜை விளிம்பைப் பிடித்தபடி பாதி வளைந்து நின்றேன். பக்கத்து மிஷின் தமிழரசி, நான் எதையோ தேடுகிறேன் என்று நினைத்து, அவளும் குனிந்து தரையில் தேடினாள்.

நான் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலையில் ஷூவின் மேல்பாகம் தைப்பவள். குதிகால் வளைவில் இரண்டு தோல்கள் சேரும் இடம் என்னுடையது. அங்கே தையல் ஒரு நூல் பிசகினாலும் ஷூ கழிவுக்குப் போய்விடும். புதிதாக வருகிறவர்களுக்கு அந்த இடத்தைக் கொடுக்கவே மாட்டார்கள். என் வேலையைப் பற்றி நானே பெருமையடித்துக்கொள்வேன். அதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

எலும்பு மருத்துவர் எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் உடலுக்குள் எடுக்கும் படம்) பார்த்துவிட்டு, டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் தட்டு) நன்றாகவே இருக்கிறது என்றார். வருடக்கணக்கில் குனிந்தே உட்கார்ந்ததில், முதுகெலும்பை ஒட்டி உள்ளிருந்து தாங்கும் தசைகள் பலமிழந்திருந்தன. மாத்திரை கொஞ்ச நாளைக்குத்தான், மற்றதெல்லாம் பயிற்சி என்று சொல்லிவிட்டார்.

பெரிய நோய் இல்லையே என்று நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் தொழிற்சாலையில், உடம்பு தேறியதாகச் சான்று கொண்டுவரும்வரை பேக்கிங்கில் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார்கள். என் மிஷினில் வேறொரு பெண் உட்கார்ந்தாள். தேறாவிட்டால் அது அவளுக்கே என்று சூப்பர்வைசர் ஒளிக்காமல் சொன்னார். அன்று முதுகைவிட அதுதான் எனக்கு வலித்தது.

மருத்துவர் என்னை அரியலூரில் ஓர் இயன்முறை சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பினார். அங்கே முழு உடல் அதிர்வுப் பயிற்சி (அதிரும் பலகைமேல் நின்று தசைகளை வேலை வாங்குவது) தருவார்களாம். டிராக்டர் ஓட்டும் என் கணவருக்குக் கிண்டலடிக்க இது போதாதா?

"அதிர்வா? சிமெண்டு லாரி ஓடுற ரோட்டுல பஸ்ல போனாலே அது சும்மா கெடைக்குமே" என்றார். கிண்டலை முடித்துவிட்டு, அதே பஸ்ஸில் கூடவே வந்தார்.

சிகிச்சையாளர் ஆரோக்கியமேரி ஏலாக்குறிச்சிப் பக்கத்துப் பெண், என்னைவிடச் சின்னவர். கர்ப்பமா, சமீபத்தில் அறுவை சிகிச்சை நடந்ததா, இதயத்தில் கருவி பொருத்தியிருக்கிறார்களா என்றெல்லாம் கேட்ட பிறகுதான் பலகையில் ஏறவிட்டார். இதைப் படிக்கிறவர்களும் அந்தக் கேள்விகளைத் தாண்டாமல் ஏறிவிடாதீர்கள்.

என் கணவரின் சந்தேகத்துக்கும் அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். டிராக்டரிலும் பஸ்ஸிலும் உட்கார்ந்து வாங்கும் குலுக்கல் நேராக முதுகெலும்பில் இறங்குமாம், அது கெடுதல். இங்கே முழங்காலைச் சற்று மடக்கி நிற்பதால் காலும் இடுப்பும் அதிர்வை வாங்கிக்கொள்ளும். அதுவும் கொஞ்ச நேரம்தான். விழாமல் நிற்பதற்காகத் தசைகள் தாமாகவே இறுகித் தளரும். என் கணவர் தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

முதல் நாள் உள்ளங்கால் அரித்தது, பல் கிடுகிடுத்தது, மாவு சலிக்கும் சல்லடையில் ஏறி நிற்பதுபோல இருந்தது. இறங்கி ஓய்வு, பாயில் படுத்துச் சில பயிற்சிகள், மறுபடி பலகை. இப்படியே வாரங்கள் போயின. எனக்குப் பின் வந்தவர்கள் தேறிப் போனார்கள். நான் மட்டும் வந்த வலியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். மேரிமேலும் பலகைமேலும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஒருநாள் நான் நிற்கும் நிலையைத் திருத்த மேரி என் இடுப்பில் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"என்னக்கா இது, முடிச்சு?"

பழைய பருத்திப் புடவையைக் கிழித்து நான் இறுக்கிக் கட்டியிருந்த துணி அது. எங்கள் ஊரில் பிள்ளை பெற்ற வயிற்றுக்கும் கட்டுவார்கள், நாற்று நடப் போனால் இடுப்புக்கும் கட்டுவார்கள். எங்கள் வரிசையில் பாதிப் பேர் ஓவர்கோட்டுக்குள் கட்டித்தான் உட்கார்ந்திருப்போம். முதுகு வலிக்கு இதைவிடக் கெட்டியான துணை வேறில்லை என்று நினைத்து, பலகையில் ஏறும்போது மட்டும் இன்னும் ஒரு சுற்று சேர்த்து இறுக்கியிருந்தேன். குலுக்கலில் இடுப்பு கழன்றுவிடக் கூடாதே!

மேரி பலகையை நிறுத்தினார். "துணி பிடிச்சுக்கிட்டா தசை எதுக்குக்கா பிடிக்கணும்? இத்தனை நாளா உங்க துணிக்குத்தான் பயிற்சி குடுத்திருக்கேன்."

நாற்காலியில் இருந்த என் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

துணியில்லாமல் ஏறியபோது பயந்துபோனேன். நடுமுதுகில், எனக்கு இருப்பதே தெரியாத ஏதோ ஒன்று நடுங்கி நடுங்கிப் பிடித்துக்கொண்டது. மறுநாள் அந்த இடம் நன்றாக நொந்தது. ஆனால் அது முதல்முறையாகக் களை எடுக்கப் போய் வந்தவளின் வலி, நோயாளியின் வலி இல்லை. அன்றிலிருந்து பலகையிலும் சரி, வீட்டுப் பாயிலும் சரி, ஒரு நாளும் ஏய்க்கவில்லை. மெதுவாக, மிக மெதுவாக, நிமிர்ந்தேன். இன்றும் அதிகம் குனிந்தால் முதுகு முணுமுணுக்கிறது. பலகை மட்டுமே குணமாக்கியது என்று சொல்லமாட்டேன். பாயில் செய்த பயிற்சிக்கும் பாதிப் பங்கு உண்டு.

சான்றோடு போனபோது சூப்பர்வைசர், பேக்கிங்கே சுலபம்தானே, அங்கேயே இருந்துவிடேன் என்று நல்ல மனதோடுதான் கேட்டார்.

"வலிச்சா மறைக்காம சொல்லிடுறேன் சார். எந்திரிச்சு நடந்துட்டு வந்து உக்காருவேன். ஆனா என் மிஷினைக் குடுங்க" என்றேன்.

கொடுத்தார். முதல் ஷூவின் குதிகாலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு நூல் பிசகவில்லை. வேறென்ன சொல்ல, நெஞ்சு நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு இடைவேளையில் எங்கள் வரிசைப் பெண்களிடம் துணிக் கதையைச் சொன்னேன். தமிழரசி அன்றே அவிழ்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வலியோடு இருந்த காலத்தில் எனக்குக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. இடுப்பு பிடித்தால் டீ வரப்போகிறது, தோள் எரிந்தால் சாப்பாட்டு நேரம், கால் மரத்துப்போனால் இன்னும் கொஞ்ச நேரத்தில் பஸ். உடம்பே மணி சொல்லிக்கொண்டிருந்தது.

திரும்பிச் சேர்ந்த அந்த வாரம் ஒருநாள், வளைவில் பாதித் தையலில் இருந்தபோது மணி அடித்தது. இப்போதுதானே சாப்பிட்டு வந்தோம், இது எதற்கு மணி என்று நினைத்தபடி தையலை முடித்துவிட்டுத் தலையைத் தூக்கினேன். எல்லா மிஷின்களும் நின்றிருந்தன. தமிழரசி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"வூட்டுக்கு வரலியாக்கா?"

"அதுக்குள்ளயா?" என்றேன்.