காய விட்ட வயலில் நான் திறந்த தண்ணீர்

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதும்படி அக்கா மகள் கேட்டாள். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். லாரியிலும் திருப்பூர் கம்பெனிகளிலுமாகத் திரிந்தவன். ஆனாலும் நான்தான் எழுத வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

அக்கா நார்த்தாமலைப் பக்கம் பிறந்து, கறம்பக்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என்னை வளர்த்ததும் அவர்தான். அத்தான் இறந்தபோது, வயலைத் தானே பார்த்துக்கொள்வதாக அத்தானின் தம்பி சொன்னார். ஒரு போகம் பாருங்கள், விளையாவிட்டால் விட்டுவிடுகிறேன் என்று அக்கா கேட்டு வாங்கினார்.

அந்த வருடம் கண்மாயில் பாதித் தண்ணீர்தான். வேளாண்மைப் பயிற்சியில் கேட்டு வந்தபடி, பதினாலு நாள் நாற்றை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி நடச் செய்தார்.

"ஏக்கா, நெல்லு நடுறமா, கோலத்துக்குப் புள்ளி வைக்கிறமா?" என்று நடவுக்கு வந்தவர்கள் கேலி செய்தார்கள்.

தண்ணீரையும் தேக்கவில்லை. மண் லேசாக வெடிக்கும்வரை காயவிட்டுத்தான் பாய்ச்சுவார். வேர் ஆழமாக இறங்கும், தூர் கூடும், கண்மாய்த் தண்ணீரும் அறுப்புவரை வரும் என்று நம்பினார்.

நட்ட ஆறாம் நாள் நான் ஊருக்கு வந்தேன். அக்கா களைக்கருவி வாங்கக் கறம்பக்குடி போயிருந்தார். வயல் வெடித்துக் கிடந்தது. உதவி செய்வதாக நினைத்து மடையைத் திறந்துவிட்டு, பஸ் ஸ்டாப்பில் பழைய கூட்டாளியோடு உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் நாற்று தண்ணீருக்குள் கிடந்தது. வடிய நாலு நாளாயிற்று. வயலின் பள்ளப் பாதி அழுகிப்போனது.

அத்தானின் தம்பி வந்து, யார் திறந்தது என்று கேட்டார். நான் அக்காவின் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

"நாந்தாங்க, தெறந்துட்டு மறந்துபுட்டேன்," என்றார் அக்கா.

பேச்சுப்படி பள்ளப் பாதி அத்தானின் தம்பி கைக்குப் போனது. நான் மறுநாளே லாரி ஏறிவிட்டேன். மேட்டுப் பாதியில் அக்கா கடைசிவரை அதே முறையில்தான் நட்டார். அறுத்தடித்ததில் கண்டுமுதல் நன்றாகவே வந்தது. கேலி செய்தவர்களே விதைநெல் கேட்டு வந்தார்கள். மறதிக்காரி என்ற பேச்சு மட்டும் நிற்கவில்லை.

அக்கா நோயில் படுத்த கடைசி இரண்டு மாதம் நான் கூட இருந்தேன். ஊரில் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று ஒருநாள் கேட்டேன்.

"இனிமே சொல்லி என்ன செய்யப் போற? போயி மடைய அடைச்சிட்டு வா. நாளைக்குக் காயணும்."

மாற்றி மாற்றிக் கஞ்சி கொடுத்தனுப்பிய தெருவினருக்கும், வீடு தேடி வந்து ஊசி போட்ட நர்ஸம்மாவுக்கும் எங்கள் நன்றி. நினைத்த நேரமெல்லாம் கார் எடுத்து வந்தவர் அத்தானின் தம்பி. அவருக்கும் நன்றி. மடை விஷயம் இதைப் படிக்கும்போதுதான் அவருக்குத் தெரியும். பள்ளப் பாதியை அக்கா மகளுக்கு விடுவதும் விடாததும் அவர் மனசு. திறந்தவன் நான்.