பஜ்ஜிக்காரியின் கொடிக்கயிறு

டோ மியா தின் கடையில் சுரைக்காய் பஜ்ஜி சுமார்தான். கூட்டம் கூடியது அவள் வாய்க்காக. எண்ணெய் குடித்து உப்பி, பிய்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லாத பஜ்ஜிக்கு அவள் வைத்த பெயர் ‘ஜெனரல்’. “அக்கா, ரெண்டு ஜெனரல் குடு” என்று கேட்டு வாங்கிக் கடித்துத் தின்பதில் அந்த மாண்டலே சந்துக்குத் தனி ருசி. ஆட்சியைப் பிடித்த பட்டாளத்துக்கு அதற்குமேல் மரியாதை தர யாருக்கும் மனமில்லை.

அவள் தம்பி செயின் மாங் ரயில்வேக்காரன். அவனோடு வேலைநிறுத்தம் செய்தவர்களைப் பட்டாளத்தார் வீடு புகுந்து அள்ளிப் போனார்கள். சிலர் பிணமாகத் திரும்பினார்கள். ஒரு மத்தியானம் சந்து முனையில் லாரி வந்து நின்றதும், அவள் தம்பியைப் பின்வாசலில் தள்ளினாள்.

“ஆத்தங்கரைக்கு ஓடு. நீ படகு ஏறுற வரைக்கும் இவனுங்கள நான் பாத்துக்கிறேன்.”

சந்துப் பெண்கள் முந்தைய நாளே தயார். இரண்டு மாடிகளுக்கு நடுவே கயிறு கட்டி, தாங்கள் உடுத்திக் கழற்றிய லுங்கிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்கு நேர் கீழே, தரை முழுக்க நிஜ ஜெனரலின் படம், கஞ்சிப்பசையில் ஒட்டியது.

பெண் உடுத்திய லுங்கிக்குக் கீழே போனால் ஆண்பிள்ளையின் வீரமும் அதிர்ஷ்டமும் தொலைந்துவிடும் என்று நம்பி வளர்ந்த கூட்டம், லாரியில் வந்த பட்டாளம். பெண்களைச் சுடக் கூசாதவர்கள், அவர்கள் துணிக்கு நடுங்கி நின்றார்கள். தூ!

“அவுருங்கடா அத!” என்று கத்தினார் கேப்டன் தெயின் ஹான்.

“நீங்களே அவுருங்க சார். எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு” என்றான் ஒரு சிப்பாய்.

“பயப்படாத தம்பி, எல்லாம் துவைச்சதுதான்,” என்றாள் மியா தின். “அந்தப் பச்சை மட்டும் துவைக்கல.”

சந்து சிரித்தது. கயிற்றைச் சுட்டு அறுத்தால் துணி தலைமேலேயே விழும். துணிந்து நடக்கலாமென்றால் காலடியில் பெரியவர் முகம். மிதித்ததை மேலிடத்தில் போட்டுக்கொடுக்கச் சிப்பாய்களே போதும். கேப்டன் மண்டியிட்டு, படங்களை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.

“பாத்து கேப்டன், ஐயா மூக்கு கிழிஞ்சிடப் போகுது!”

சுரண்டிச் சுரண்டித் தவழ்ந்தவர், பச்சை லுங்கி தொப்பியை உரசியபோதுதான் நிமிர்ந்தார். அதற்குள் பாதி உடம்பு அந்தப் பக்கம் போயிருந்தது. சந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது. செயின் மாங் அந்நேரம் நடு ஆற்றில் இருந்தான்.

அவளை லாரியில் ஏற்றினார்கள். ஜெயில் நிச்சயம் என்று தெரிந்தும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கேப்டன் பக்கத்தில் உட்கார ஒரு சிப்பாயும் வரவில்லை.

முகாமில் மேஜர் கேட்டார். “இவ என்ன குத்தம் பண்ணா?”

கேப்டன் தொப்பியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

“அவருக்கு வெக்கம். நான் சொல்றேன்” என்று மியா தின் ஒன்றுவிடாமல் சொல்லி, நடித்தும் காட்டினாள்.

மேஜர் நாற்காலியைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“நீ கொஞ்சம் வெளிய நில்லு” என்றார், கேப்டனைப் பார்த்து.